பதினேழு புள்ளி எட்டு ஒன்று ஏழு

மெட்டு என்றால் பாட்டுக்கு மட்டும்தான் என்று
முப்பத்தொரு வயதுவரை நினைத்திருந்தேன்.
வீணைக் கழுத்தில் குறுக்கே கிடக்கும்
கம்பிக்கும் அதே பெயராம்.

என்னுடையது வீணை இல்லை, பெயரும் இல்லை.
கழுத்து, உடைந்த கட்டிலின் நீளச் சட்டம்.
வயிறு, கம்பெனியில் தூக்கிப்போட்ட பசை டப்பா.
தந்தி மூன்று, வேலூர் லாங் பஜாரில்
எதுக்கும்மா என்று கடைக்காரர் கேட்டும்
சொல்லாமல் வாங்கியவை.
மெட்டுக்கு, முத்துக்கடை சைக்கிள் கடையில்
பழைய ஸ்போக் ஒரு கைப்பிடி, சும்மா.

முதலில் சமமாக வைத்தேன்.
இரண்டு விரற்கடைக்கு ஒன்று,
படிக்கட்டு மாதிரி, நியாயமாக.
மூன்றாவதிலேயே சுருதி
வார் அறுந்த செருப்போடு நடந்தது.

அப்புறம் எபனேசர் வீட்டுக் கிட்டார்மேல்
காகிதப் பட்டையை நீட்டி
கோடு கோடாகப் படியெடுத்து வந்தேன்.
அவன் தந்தி என்னுடையதைவிட நாலு விரல் நீளம்.
ஒன்பதாம் நம்பர் அச்சில் வெட்டிய தோலை
ஏழாம் நம்பர் ஷூவுக்குத் தைத்தால் என்னவாகும் என்று
எட்டு வருஷமாய் மேல்தோல் தைக்கிறவளுக்குத்
தெரிந்திருக்க வேண்டும்.

டீ நேரத்தில் மேல்விஷாரம் ஹாஜிராதான்
போனில் கணக்குப் போட்டாள்.
ஐநூற்றி எண்பது மில்லிமீட்டர்.
பதினேழு புள்ளி எட்டு ஒன்று ஏழால் வகு.
வந்ததைக் கழி. மிச்சத்தை மறுபடி வகு.
முப்பத்திரண்டரை.
முப்பது முக்கால்.
இருபத்தொன்பது.
"வட்டி மாதிரியே இருக்குடி,
ஆனா இது குறையுதே" என்றாள்.

காட்பாடியில் ஏறிப் பட்டணம் போனால்
முதலில் ஸ்டேஷன்கள் தள்ளித் தள்ளி வரும்,
ஆவடி தாண்டினால் ஒன்றின் முதுகில் ஒன்று.
அப்படித்தான் கோடுகளும்
டப்பாவை நெருங்க நெருங்க நெருங்கின.
பன்னிரண்டாவது வந்து விழுந்தது
சரியாக நட்டநடுவில்.
நானும் ஹாஜிராவும் அதை அங்கே வைக்கவில்லை.
ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.
சங்கு ஊதிவிட்டது.

ஒன்றிலிருந்து அடுத்ததை அளந்தால்
தப்பும் கூடவே வளரும்.
எல்லாவற்றையும் தலைமுனையிலிருந்தே அளந்தேன்.
ஹாக்சா பிளேடால் பள்ளம்,
பள்ளத்தில் எங்கள் ஷூ பசை, அதன்மேல் ஸ்போக்.
கத்திரி தொடங்கி ஐந்தாம் நாள்
தகரக் கூரைக்குக் கீழே பசை இளகி
நாலாவது மெட்டு
ஐந்தாவதைப் பார்த்து நடக்கத் தொடங்கியது.
ராணிப்பேட்டை வெயிலில்
இருந்த இடத்தில் எதுதான் இருக்கிறது.

இரண்டு ட்யூபைக் கலந்து பூசும் பசைக்கு
ஒருநாள் ஓவர்டைம் போனது.
எட்டில் விரல் வைத்தால் குளவி கத்தியது.
எட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன்,
இன்னும் கத்தியது.
குற்றம் ஒன்பதில். அதுதான் உயரம்.
உப்புத்தாளுக்கு அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கரண்ட் இல்லை.
இருட்டில் ஒன்று, மூன்று, ஐந்து என்று போனவள்
ஐந்திலிருந்து ஏழுக்கு விரலை எடுக்காமலே இழுத்தேன்.
இழுத்த இழுப்பில் ஒரு சத்தம்.
என் வீட்டில் அதுவரை கேட்டிராத,
ஆனால் தப்பில்லாத சத்தம்.
இன்னொரு தடவை. இன்னொரு தடவை.
கரண்ட் வந்தபோதுதான் பார்த்தேன்,
கட்டில் சட்டமெல்லாம் ரத்தம்.
ஸ்போக் முனைகளை மழுக்க மறந்திருக்கிறேன்.

மறுநாள் துணி சுற்றிய விரலைப் பார்த்து
சூப்பர்வைசர் விபத்துப் பதிவேட்டைத் திறந்தார்.
என்னைக் கேட்காமலே எழுதினார்.
சு. வேதவல்லி. இடது கை, மோதிர விரல்.
காரணம்: மெஷின் ஊசி.
ஹாஜிரா தையலில் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

கையெழுத்துப் போட்டேன்.
அரைநாள் லீவு கொடுத்தார்கள்.
அரம் வாங்கப் போனேன்.