மரை

ஹால்வர் இன்ஜினை அணைக்கவில்லை.
மரை வேட்டைக்கு வாங்கிப்போன துப்பாக்கியை
உறையோடு ஜன்னல் வழியே நீட்டினான்,
இரவல் சீட்டையும் நாலாக மடித்து.
"வந்துவிட்டது. சரியா?"
வசந்தத்தில் அப்பாவின் காட்டைப் பங்கு பிரித்த நாள்முதல்
என் தம்பி என்னிடம் பேசிய
முதல் இரண்டு சொற்கள்.

ஃபெமுண்ட் ஏரிக்கரையில் அன்று மைனஸ் பதினேழு.
குளிரில் கிடந்த இரும்பைச் சட்டென்று
அடுப்பறைக்குள் கொண்டுவந்தால் வியர்க்கும்.
உறையைத் திறக்காமல் முன்னறைத் தரையில் கிடத்தி
பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்:
இரண்டு காபி, ஒரு வானொலிச் செய்தி,
கம்பளிக் காலுறையில் குதிகால் வரைக்கும் பின்னல்.

பிறகு போல்ட்டை உருவினேன்.
தோட்டா அறை காலி. சுண்டுவிரலை விட்டும் பார்த்தேன்,
கண்ணை மட்டும் நம்புகிற வழக்கம் எனக்கில்லை.
குழலின் முனையில்
சைலன்சர் இன்னும் மாட்டியபடியே இருந்தது.

சைலன்சர் என்பது பெயருக்குத்தான்.
அது ஓசையைக் கொல்வதில்லை,
காது பிழைக்கிற அளவுக்குக் குறைக்கும், அவ்வளவே.
வெடித்த புகையை அறை அறையாக உள்ளே வாங்கி
சூட்டையும் கரியையும் ஈரத்தையும்
தன்னிடமே வைத்துக்கொள்ளும்.
அதனால்தான் சுட்ட அன்றே கழற்ற வேண்டும்.
எங்கள் பள்ளத்தாக்கில்
பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும் இது.
ஹால்வருக்குத் தெரியாதா?

திருகினேன். அசையவில்லை.
துணி சுற்றித் திருகினேன்.
எண்ணெய் விட்டு, காத்திருந்து,
பைப் ரெஞ்சைத் தேடுகிற அளவுக்குக் கோபம் வந்து
(கூடாது, குழாயா இது)
ரப்பர் பட்டையைச் சுற்றி, பல்லைக் கடித்து
கிறீச்.
புளித்த வெடிமருந்து வாடை.
முழங்காலில் கறுப்பாய் ஒரு சொட்டு.

மரையை வீழ்த்திய குழலின்
மரையில் துரு.
செங்காவி நிறத்தில், மோதிரம் மாதிரி ஒரு சுற்று.

ஐந்து நாள் துரு என்று கணக்குப் போட்டேன்.
பங்கு பிரித்தபோது கேட்காமல் விட்டதையெல்லாம்
இதோடு சேர்த்துக் கேட்டுவிடலாம்.
ஆற்றோரத் துண்டு. படகு.
அம்மாவின் வெள்ளிக் கரண்டிகள், பன்னிரண்டில் பதினொன்று.
போனை எடுத்தேன்.

"கழற்றாமலே கொடுத்திருக்கிறாய்."
அந்தப் பக்கம் நாய் குரைத்தது. கதவைச் சாத்துகிற சத்தம்.
"வெளிச்சம் இருக்கும்போதே சுட்டேன்,
இருட்டித்தான் கண்டெடுத்தேன்.
சதுப்புக்கு அந்தப் பக்கம். இருநூறு கிலோ.
கயிறும் உருளையும் வைத்துத்
தனியாக இழுத்தேன், ரான்வெய்க்.
வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு.
கழற்றப் பார்த்தேன், விரல் மடங்கவில்லை.
மறுநாள் தோலுரிப்பு. அதற்கு மறுநாள் இறுகிவிட்டது.
உடைத்துவிடுவேனோ என்று அப்புறம் தொடவில்லை."

பதினாறு வருடம்
அந்தக் கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்தது.
கரண்டியைக் கேட்கத் திறந்த வாயில்
கரண்டி வரவில்லை.

"குழல்வாய் எப்படி?" என்றான்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
"வாய் கெடவில்லை."
"மரை?"
"பள்ளம் விழவில்லை. பித்தளை பிரஷ் போதும்,
மேலே கொஞ்சம் கிரீஸ்."
"சிவப்பு டப்பாவா, நீலமா?"
"நீலம்."
"நீலம் குளிரில் கட்டிபடும்."
"சிவப்புதான் கட்டிபடும்."
அரை மணி நேரம் கிரீசைப் பற்றிப் பேசினோம்.

இப்போது சைலன்சர் அடுப்புக்குச் சற்று எட்டத்தில்
பழைய செய்தித்தாளின் மேல் தலைகீழாய் நிற்கிறது.
இன்னும் சொட்டுகிறது.
எண்ணெய் கட்டைக்குள் இறங்காதபடி
துப்பாக்கி வாய் கீழாக இரும்பலமாரியில்.
போல்ட் வேறு பெட்டியில்.
சாவி எங்கே என்று சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தொடைக்கறி கொண்டுவருகிறானாம்.
இன்ஜினை அணைக்கிறானா,
பார்க்கவேண்டும்.