முற்று, எச்சம்

கடலூர் முதுநகர், ஐஸ் கம்பெனி மாடி.
மூன்று நாளாக ஒரு குறியைத் தேடுகிறேன்.

துறைமுகத் தராசுக்காக
நானும் விமலாதித்தனும் செய்யும் சின்ன மொழி.
கூடை ஏறும், எடை விழும், பில் வரும்.
எடை நாற்பதைத் தாண்டுகிறதா என்று
பார்க்கிற கையோடு
அதற்கொரு பெயரும் வைத்துவிட வேண்டும்.
பிறகு தனியாகக் கேட்டுக்கொள்ளலாமே என்றால்,
மறுமுறை தராசு வேறு எண் சொல்லும்:
மீன் துள்ளுகிறது,
ஐஸ் சொட்டுகிறது.

ஒற்றைச் சமக்குறி வேண்டவே வேண்டாம்.
போன தையில், பழைய நிரலில்,
'பாக்கி சுழியா?' என்று கேட்கப்போய்
ஒரு கோடு குறைந்து
'பாக்கியே, சுழி ஆகு' என்று எழுதிவிட்டேன்.
விடிவதற்குள் அஞ்சாப்புலியின் எழுபத்தெட்டாயிரம் போச்சு.
பட்டினத்தில் ஒருவருக்கும் ஐஸ் கடன் இல்லை.
கல்லாவிலிருந்து ஜெனோவா மாடியேறி வந்தாள்.
"நீ கேட்டியா, சொன்னியா?"

அம்புக்குறி?
சிறிது என்ற குறியும் கழித்தலும் ஒட்டினால் அம்பு,
நடுவே மயிரிழை விட்டால் வேறு கணக்கு.
முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்த்து
முத்தியால்பேட்டையிலிருந்து விமல் அனுப்பினான்.
கிழங்கான் மீன் முறைப்பதுபோல் இருந்தது.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது:
தெரியாத எதையும் முதல் வரியில்
'என்க' என்று சொல்லிவிட்டால் போதும், பாதி மார்க்.
தட்டிப் பார்த்தேன்.
என்க. முற்று.
வரி அங்கேயே உட்கார்ந்துவிட்டது,
மேலே ஓர் அடி நகரவில்லை.

கீழே ஏலக்காரர் கத்துகிறார்:
"முப்பத்தொம்பதுன்னு போட்டு, நாப்பது தாண்டலன்னா
சில்லறைக்குத் தள்ளு!"
பெயர் வைக்க அவர் எங்கேயும் நிற்கவில்லை.

'க'வை அழித்தேன்.

(தராசு.படி எடை என) > 40 எனில்

எச்சம். வினை இன்னும் வரவேண்டும்.
வரி நடக்கிறது.

விமலுக்கு அடைப்புக்குறி பிடித்தது,
கட்டாயமாக்கு என்றான்.
பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.
"என, எனில். பார்த்தியா?
மறுபடி ஓர் எழுத்துத் தூரத்தில்
கடனைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாய்."

உண்மைதான். பதில் இல்லை.
உப்பனாற்றில் கடைசி விசைப்படகும் அணைந்தது.
பில் கட்டோடு வந்த ஜெனோவாவிடம்
திரையைத் திருப்பி, வாய்விட்டுப் படி என்றேன்.
அவள் எங்கே மூச்சு விடுகிறாள் என்று
காது வைத்திருந்தேன்.

'என'வில் விடவில்லை.
'எனில்' வந்ததும் நிறுத்தி,
என்னைப் பார்த்து,
"எனில்? அப்புறம்?" என்றாள்.