பச்சை

விதிப் புத்தகம் சொல்கிறது:
தட்டை மோந்து பார்க்காதே.
முப்பத்தோரு வருஷமாக மோந்து பார்க்கிறேன்.
இன்று மூடி திறக்குமுன்னே வந்துவிட்டது
திராட்சை வாசம்.

எங்கள் ககேத்தியில் இந்த வாசத்துக்கு
நாய்கூடத் தலை தூக்காது.
அக்டோபரில் ஊரே இப்படித்தான் கிடக்கும்.
ஆனால் இது பிப்ரவரி, திபிலிசி,
தீக்காயப் பிரிவு, நாலாம் படுக்கை.
சாராயம் காய்ச்சும் கொப்பரை வெடித்து
முதுகும் வலத்தோளும் வெந்துபோன தெமூர்.

கட்டுப் பிரித்த லமாரா போனில் சொன்னாள்:
"பஞ்செல்லாம் மயில்கழுத்து நிறம், சியாலா.
காய்ச்சல் முப்பத்தொன்பதரை.
பேர் வைக்க வேண்டியது நீ."

பச்சைப் புண், பச்சைப் புண் என்று
எத்தனை முறை சொல்லியிருப்போம்,
நிறத்தை நினைக்காமல்.

பேர் வைக்க அவசரம் ஆகாது.
சாயமேற்றினால் இளஞ்சிவப்புக் குச்சிகள்.
அப்படி ஆயிரம் பேர் உண்டு.
காகிதத் துணுக்கில் ஒரு தீற்றல் இழுத்து
எண்ணினேன். ஆறு, ஏழு,
எட்டில் ஊதா.
விளக்கணைத்துப் புற ஊதாக் கதிரில் பிடித்தேன்.
தட்டு மின்மினியாய் மினுங்கியது.
அழகாயிருந்தது.
அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

சூடோமோனாஸ் என்று எழுதினேன்.

மறுநாள் மருந்து வில்லைகள்.
ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிக் கோட்டை கட்ட வேண்டும்,
மழைக்கு முன் நிலா கட்டுமே, அப்படி.
பதினொன்றில் பத்தின் விளிம்புவரை
பாசி ஏறிவிட்டிருந்தது.
செஃப்டாசிடைம், இல்லை.
மெரோபெனெம், இல்லை.
அமிகாசின் ஒரு நூல் அகலம்,
அதை நம்பி ஆளை விட முடியாது.
கோலிஸ்டினுக்கு வில்லை பேசாது.
குழாய்களில் கரைத்துக் கரைத்துப் பார்த்தேன்.
கேட்கிறது.
"சிறுநீரகமும் சேர்த்துக் கேட்குமே"
என்றார் டாக்டர் முர்மன்.
கேட்டுவிட்டு, எழுதினார்.

பிறகு என்னைப் பார்த்து,
"அந்தச் சாக்கடைக்காரர்கள் இருக்கிறார்களா?"

இருந்தார்கள். குளிர்பெட்டியில், ஏழு குப்பி.
நகரத்துக் கழிவுநீரில் பிடித்து வளர்த்தவை,
கிருமியைத் தின்னும் கிருமிகள்.
தெமூரின் பாசிமேல் ஒரு சொட்டு ஒரு சொட்டாக விட்டேன்.
ஐந்தாம் குப்பிக்கு மட்டும்
அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்தது,
கண்ணாடியாய், அடிவரை.

செத்த சதையைச் சீவி எடுத்தார்கள்.
ஐந்தாம் குப்பியை நனைத்துக் கட்டினார்கள்.
நரம்பில் கோலிஸ்டின்.
ஒன்பதாம் நாள் பஞ்சு வெறும் பஞ்சாக வந்தது.

எங்கிருந்து வந்தது என்பது மிச்சமிருந்தது.
சோப்பைத் துடைத்துப் பார்த்தேன், தொட்டியை,
லமாராவின் நகத்தை (அவள் ஒரு வாரம் பேசவில்லை).
கடைசியில் புண் கழுவும் அறையின்
ரப்பர்க் குழாய். நீளவாக்கில் கிழித்தேன்.
உள்ளே தவளைத் தோல்போல வழவழப்பு.
அதே வாசம்.

பதிவேட்டில் இருந்தது:
"ஜனவரி பதினெட்டு. குழாய் மாற்றப்பட்டது. சரிபார்க்கப்பட்டது."
பச்சைப் பொய்.
கீழே கையெழுத்து என்னுடையது.
பன்னிரண்டு படிவம் ஒன்றாக நீட்டினார்கள்,
டீ ஆறிக்கொண்டிருந்தது.

முர்மனிடம் சொன்னேன்.
"எல்லாரும்தான் போடுகிறோம்" என்றார்.
தெமூரிடம் சொன்னபோது
அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான்.
"கொப்பரைக்கு நானும் வால்வு மாற்றவில்லை" என்றான்.
மன்னித்தானா, தெரியாது.
ஏப்ரலில் போனான், வலக்கை தோளுக்குமேல் எழாமல்.

அந்தக் குழாயில் ஒரு சாண் வெட்டி
நீராவியில் வேகவைத்து
மேசைமேல் வைத்திருக்கிறேன்.
கையெழுத்துக்கு வருபவர்கள்
தாள் பறக்காமலிருக்க என்று நினைத்து
அதையே எடுத்துப்
படிவத்தின்மேல் வைக்கிறார்கள்.