நிலுவை

தங்கச்சிமடம் ஊர்ப்புற நூலகத்தில்
பூனைகளுக்கென்று தனி அலமாரி கிடையாது.
எண் பார்த்து அடுக்குகிறவள் நான்:
அறுநூற்று முப்பத்தாறில் வளர்ப்புப் பூனை,
அதன் தீனி, அதன் வயிற்றுப்போக்கு.
எண்ணூறு தாண்டினால் கதைக்குள் வரும் பூனை.
ஜன்னலோரச் சிறுவர் பகுதியில்
குடை பிடித்த பூனை, ரயிலேறிய பூனை.

அடுக்கிவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள்
எல்லாம் ஜன்னலோரம் கூடியிருக்கும்.
யார் மாற்றுகிறார்களோ.
மூன்று வருடம் சண்டை போட்டேன், பிறகு விட்டுவிட்டேன்.

ஐஸ் கம்பெனிக் கணக்கர் தவ்பீக்
பூனை நோய்ப் புத்தகத்தை நான்காம் முறை எடுக்கிறார்.
வீட்டில் பூனை இருக்கா என்றால்
'இல்ல, படிக்கத்தான்.'
பத்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன்
இயற்பியல் கைடுக்கு அடியில் ஒளித்து நீட்டுவான்,
ரயிலேறிய பூனையை.
நான் முகத்தைப் பார்க்காமல் முத்திரை குத்துவேன்.

உண்மையான பூனை ஒன்றும் உண்டு.
திரும்பாத புத்தகங்களின் பேரேட்டின்மேல் படுப்பதால்
அதற்கு நிலுவை என்று பெயர்.

மாசியில் தொம்மைராஜ் வந்தான்,
மகள் ப்ளாவியாவுக்குப் படப்புத்தகம் வேண்டுமென்று.
காணாமற்போன ஒற்றை மீசையை
இருபத்து நான்கு பக்கம் தேடும் பூனை.
பின்னட்டையில்: மூன்று முதல் ஆறு வயது வரை.

அது சோற்றுத்தூக்கோடு பைக்குள் கிடந்து
சனிக்கிழமை டோக்கனில் கடலுக்குப் போனது.
ஞாயிறு விடிந்தபோது கரைக்கு
படகு வரவில்லை, செய்திதான் வந்தது.

பதினைந்து நாள் கழிந்தால்
நினைவூட்டு அட்டை அனுப்ப வேண்டும், விதி.
எழுதினேன். முகவரிக்குப் பேனா ஓடவில்லை.
அட்டை இன்னும் மேசை இழுப்பறையில்.

வைகாசிக் கச்சான் மணலை வாரி
வாசலில் கொட்டிய ஒரு மத்தியானம்
தாடியோடு வந்து நின்றான்.
புத்தகம் உப்பில் ஊதி
அப்பளம்போல் நெளிந்திருந்தது.
முதுகை வலைநூலால் தைத்திருந்தார்கள்,
கண்ணி பொத்தும் அதே முடிச்சு.

'பதினோரு பேருக்கும் இது ஒண்ணுதான்க்கா.
ஆளுக்கு ஒரு நாள் முறை வச்சோம்.
படிக்கத் தெரியாத சந்தியாகு அண்ணன்
படத்தைப் பாத்தே சொல்வாரு.
அவரு கதையில மீசை தொலையல,
பூனை அதை அடகு வச்சிருச்சு.
வட்டி ஏறுது, மீட்க முடியல.
அதுதான் எல்லாருக்கும் பிடிச்சிச்சு.'

காவலுக்கு நின்ற ஒரு பையன்
கம்பி வழியே எட்டிப் பார்த்து
'பூசா' என்றானாம்.
அவன் போனபின் அகராதியில் தேடினேன்:
பூசை என்றால் நம்மிடமும் பூனைதான்.

'பதினேழாம் பக்கத்துலதான் அடிதடி.
வாயைத் திறந்து, கண்ணை இடுக்கி நிக்கிது பாருங்க.
கொட்டாவின்னு நான்.
அழுகைன்னு டிரைவர் கலிஸ்டஸ் மாமா.
அறுபது வயசு ஆளு, ரெண்டு நாள் பேசலக்கா எங்கூட.'

அபராதம் ஒன்பது ரூபாய் நாற்பது காசு.
வேண்டாம் என்றேன்.
'பாக்கி வைக்கக் கூடாது' என்று
பத்து ரூபாயை மேசையில் வைத்து
சில்லறைக்கு நின்றான்.
புத்தகம் வரவு வைத்தாயிற்று.
படகை இன்னும் அங்கேதான் கட்டி வைத்திருக்கிறார்கள்.
அதற்கு எந்தப் பேரேட்டில் எண் போடுவது?

நிலுவை இறங்கி வந்தது.
அட்டையை முகர்ந்தது, உப்பை நக்கியது,
திறந்திருந்த பதினேழாம் பக்கத்தின்மேல்
முன்கால் மடித்து உட்கார்ந்து
வாயைத் திறந்து, கண்ணை இடுக்கி...

தொம்மைராஜ் கைப்பேசியை எடுத்துவிட்டான்.
'மாமா, நூலகத்துல இருக்கேன்.
இப்ப கண்ணால பாத்தேன், அது கொட்டாவிதான்.'

மறுமுனையில் கொஞ்சம் காற்று,
யாரோ ஐஸ் உடைக்கும் சத்தம்.

'போடா. அது அழுகைதான்.'