நின்றன

புளியரைக்கு மேற்கே, மலை தொடங்குமிடத்தில்,
ஒரு ரப்பர் மரக் கொப்பு
நூற்றிப்பத்து கேவி லைனில் சாய்ந்தது.
இரவு 2.17. ஆனிச் சாரல்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
குழல்விளக்கு ஒருமுறை கண்மூடித் திறந்ததும்
டிரான்ஸ்பார்மர் அடிவயிற்றிலிருந்து உறுமியதும்தான்.
ஃபிளாஸ்க் மூடியில் கட்டன்சாயா
வட்டம் போட்டு அடங்கியது.

மற்றதை ரிலே பிறகு சொன்னது,
பதற்றமில்லாமல், தாளில்:
வோல்டேஜ் நூறிலிருந்து பதினெட்டுக்கு விழுந்தது.
பிரேக்கர் திறக்கத் தொண்ணூற்றாறு மில்லிசெகண்ட்.
கண் இமைக்கவே அதைவிட அதிகமாகும்
என்பார் ஞானதிரவியம் சார்,
இமைத்துக்கொண்டே.

அந்தத் தொண்ணூற்றாறுக்குள்
காற்றுக்குத் தகவல் போகாது.
கணவாய் வழியாக அது வந்துகொண்டேயிருக்கும்,
இறக்கையைத் தள்ளிக்கொண்டேயிருக்கும்.
வாங்கிக்கொள்ள ஆளில்லாத பலம்
தண்டுக்குள் ஏறி வேகமாகும்.
இருநூற்றுப் பதினாலு காற்றாலைகளுக்கும்
ஒரே யோசனை வரும்:
கழன்றுகொள்.

போன வருஷம் கழன்றுகொண்டன.
தப்பில்லை, ஒவ்வொன்றும் தன்னைக் காத்தது.
சுந்தரபாண்டியபுரத்து வரிசை முதலில்,
அதன் பாரம் அடுத்த லைனின் தலையில்,
அது தாங்காமல் அதற்கடுத்தது.
ஒன்பதே நிமிஷம்.
பண்பொழி ரைஸ்மில் இருட்டு,
புளியங்குடி எலுமிச்சை மண்டி இருட்டு,
ஓர் ஆஸ்பத்திரியில்
பாதி தைத்த வயிற்றின் மேல்
நர்ஸின் செல்போன் வெளிச்சம்.
லாக் புத்தகத்தில் நான்தான் எழுதினேன்:
காற்றாலைகள் நின்றன.

பிறகு எட்டு மாத வாக்குவாதம்.
'கியர்பாக்ஸ் என்ன விலை தெரியுமா சார்?'
கம்பெனி ஆள் பெனடிக்ட் கேட்டார்.
'கழுதுருட்டி ஏற்றத்தில்
முன் எஞ்சின் ஒரு நொடி சறுக்கினால்
பின் எஞ்சின் கொக்கியைக் கழற்றிவிட்டு
வீட்டுக்குப் போகலாமா?' என்றார் சார்.
பெனடிக்ட் அதே ரயிலில்தான் ஊருக்குப் போனார்.
மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது,
சம்மதம் என்று, ஒன்றரை வரியில்.

முந்நூறு மில்லிசெகண்ட் பொறு,
விழுந்தாலும் கம்பியை விடாதே,
முடிந்தால் கொஞ்சம் முட்டுக்கொடு.
புது மெஷின்களுக்கு இதைச் சொல்லிவைத்தோம்.
பழசு அறுபது, சொன்னாலும் கேட்கும் வயசில்லை.
அவற்றுக்காக யார்டு மூலையில் ஒரு ஸ்டாட்காம்.
எங்கள் கன்ட்ரோல் ரூமுக்கு வராத ஏசி
அதற்கு வந்தது.

ஹாட்லைன் அலறியது.
புனலூரிலிருந்து சசீந்திரன்:
'மேடம், அவிடெ காற்றாடியொக்கெ நின்னோ?'
'நின்னுச்சு' என்றேன்.
'அய்யோ.'
'இல்ல இல்ல,
ஓடாம நிக்கல.
ஓடிப்போகாம நின்னுச்சு.'
அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம்,
அதற்குப் பின்னால்
அவருடைய மலையிலும் இதே மழை.

எல்லாம் நின்றதாகச் சொல்ல முடியாது.
பதினொன்று உதிர்ந்தன.
பிரீக்வென்சி நாற்பத்தொன்பது புள்ளி எண்பத்தெட்டுக்கு
இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி,
பிறகு ஐம்பதின் பக்கத்தில் உட்கார்ந்தது,
பஸ்ஸில் கடைசி சீட் கிடைத்தவர் மாதிரி.

மூன்றரைக்கு மைதீன் பிச்சை
டார்ச்சோடு நனைந்து வந்தார்.
கொப்பை வெட்டிப் போட்டாயிற்றாம்.
சுட்ட இடத்தில் பால் வடிந்து
கறுப்பாக உறைந்திருந்ததாம்.
கையை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

லாக் புத்தகத்தைத் திறந்தேன்.
காற்றாலைகள் நின்றன.
அதே பேனா, அதே எழுத்து.
எந்த நிற்றல் என்று சார் கேட்பார்.
அடிக்கலாமா என்று பார்த்து, அடிக்கவில்லை.
அடுத்த கட்டத்தில்
'தற்போதைய நிலை' என்று அச்சிட்டிருந்தது.
ஓடுகின்றன, என்று எழுதினேன்.

அந்தப் பதினொன்றை
விடிந்ததும் போய்ப் பார்க்கவேண்டும்.