முதல் ஸ்லிப்பிலிருந்து

பெர்க்மான்ஸை எனக்கு
வலது தோளாகத்தான் தெரியும்.
பதினோரு வருஷத்து வெள்ளிக்கிழமைகள்
அந்தத் தோளுக்கு இரண்டடி பின்னால் நின்றிருக்கிறேன்.
முகத்தை நினைத்தால்
வியர்வை காய்ந்து உப்புக்கோடு விழுந்த
சட்டைக் காலர்தான் முதலில் வருகிறது.

சுலைபியாவில் புல் கிடையாது.
மணல், நடுவே ஒரு சிமெண்ட் பட்டை,
அதன்மேல் இழுத்து ஆணியடித்த பச்சைப் பாய்.
மூன்றாவது ஆணி எப்போதும் தலை தூக்கிக்கொண்டிருக்கும்.
அங்கே குத்திய பந்து எந்தப் பக்கம் போகும் என்று
போட்டவனுக்கும் தெரியாது, அடிப்பவனுக்கும் தெரியாது.
பெர்க்மான்ஸ் பாய்ந்து நான் பார்த்ததில்லை.
பந்து வருமிடத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பான்,
பஸ்ஸுக்கு நிற்பதுபோல.

நாங்கள் சி டிவிஷன்.
எங்களுக்குக் கீழே டி டிவிஷன்,
அதற்கும் கீழே பார்க்கிங்.

அவனுக்கு ஏசி டக்ட் வேலை.
தகரம் வெட்டும் மெஷினிடமிருந்து
ஆறு நாள் விரல்களைக் காப்பாற்றி
ஏழாம் நாள் கொண்டுவந்து எங்களுக்குத் தருவான்.
சுண்டுவிரல் போனது தன்வீரின் பந்தில், இரண்டாம் வருஷம்.
மோதிரவிரல் சிமெண்ட் கம்பெனி மேட்சில்.
கட்டைவிரல் எப்போது என்று அவனுக்கே நினைவில்லை.
ஐஸ் குச்சியை வைத்து
டக்டுக்கு ஒட்டும் அலுமினிய டேப்பைச் சுற்றிவிட்டால்
வைத்தியம் முடிந்தது.
மஹபூலா மெஸ்ஸில்
பளபளக்கும் விரலோடு சோறு பிசைவான்.

ஒரே ஒருமுறை ஏ டிவிஷனில் கூப்பிட்டார்கள்.
கேபிள் கம்பெனியின் கீப்பர்
தங்கை கல்யாணத்துக்கு கோவா போயிருந்தான்.
அவன் சட்டையையே இவனுக்குக் கொடுத்தார்கள்,
முதுகில் ரொசாரியோ என்று எழுதியது.
டாக்ஸிக்கு மூன்று தினார் அழுது
நான் போய்ப் பார்த்தேன்.
இரண்டு கேட்ச், ஒரு ஸ்டம்பிங்.
நாற்பது ஓவரில் ஒரு பை கூட இல்லை.
மறுநாள் வந்த ஸ்கோர் ஷீட்டில்
கேட்ச் ரொசாரியோ, கேட்ச் ரொசாரியோ,
ஸ்டம்ப்டு ரொசாரியோ.
சண்டை போடலாம் என்றேன்.
அவன் ஷீட்டின் அடியில்
வளைந்த விரலை வைத்துக் காட்டினான்:
"பைஸ் கட்டத்துல பேரு எழுதமாட்டானுவல்லா,
அந்த சைபர் எனக்குள்ளதுதான்."

பிறகு எல்லோரும் கைரேகை பதிய வேண்டுமென்று
உத்தரவு வந்தது.
ஜஹ்ராவில் நாலு மணி நேர வரிசை.
இடது கையைக் கண்ணாடி ஏற்றுக்கொண்டது.
வலது கைக்கு மறுபடி, மறுபடி, மறுபடி.
அதிகாரி எழுந்து வந்து
தானே விரலைப் பிடித்து அழுத்தினார்.
படியவில்லை. கண்ணாடிக்கும் மூன்றாவது கணுவுக்கும் நடுவே
ஒரு தினார் நாணயம் நுழையும்,
அப்படி ஒரு நாணயம் இருந்தால்.
இது என்ன, என்று கேட்டார்.
கிரிக்கெட் என்றான். அவருக்குப் புரியவில்லை.
உடனே அந்த மார்பிள் தரையில்
குந்தி உட்கார்ந்து
இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.
வரிசை சிரித்தது. அதிகாரியும் சிரித்தார்.
எழுந்திருக்கும்போது முழங்கால் சொடுக்கிய சத்தம்
எனக்கு மட்டும் கேட்டது.
அன்றைக்குத்தான் அவன் வயதைக் கேட்டேன்.
நாற்பத்திரண்டு.

கம்பெனி ஆட்களைக் குறைத்த பட்டியலில்
அவன் பெயர் சரியாக எழுதியிருந்தது,
தகப்பன் பெயரோடு.
பேட், கிளவுஸ் எல்லாம் ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டுப் போனான்.
உள்ளே போடும் துணி கிளவுஸை மட்டும்
துவைத்து என் கட்டில் கம்பியில் காயவைத்திருந்தான்.
எடுக்க மறந்தானா, வைத்துவிட்டுப் போனானா,
இதுவரை நான் கேட்கவில்லை.

போன வெள்ளி
மூன்றாவது ஆணியில் குத்தி ஒரு பந்து எழும்பியது.
புதுப் பையன் வலப்பக்கம் பாய்ந்தான்.
அழகான பாய்ச்சல், யாரோ போட்டோ எடுத்தார்கள்.
பந்து இடப்பக்கம் போய்
தண்ணீர் லாரியின் சக்கரத்தில் மோதி நின்றது.
ஸ்கோரர் பென்சிலைத் தேடினான்.
நாலு பைஸ்.