இருபது வரை

பிஎச்ஐ ஐயா வந்து
காம்பராக் கதவில் தாளை ஒட்டிவிட்டுப் போனார்.
சிவப்பு எழுத்து. பதினாலு நாள்.
பசை காயுமுன்
பக்கத்துக் காம்பரா செபமாலை அக்கா
சன்னலை அடித்துச் சாத்தினாள்.
சாத்தி என்ன,
எங்கள் லயத்தில் நடுச்சுவர் தகரம் வரை போவதில்லை.
அவள் கருவாட்டுப் புகை எங்களுக்கும்
எங்கள் இருமல் அவளுக்கும்
எப்போதும் பொது.

கொழும்பில் ஹோட்டல் குசினியைப் பூட்டியதும்
மரக்கறி இறக்கித் திரும்பிய லொறியில்
வெறுங்கூடைகளுக்கு நடுவே படுத்து வந்திருந்தார் அவர்.
கலியாணமாகிப் பதினோரு வருசம்.
தீபாவளிக்கு ஐந்து நாள், கோயில் தேருக்கு மூன்று:
அதுதான் எங்கள் குடித்தனம்.

"தனி அறையில இருக்கணும்" என்று சொன்ன ஐயா
பத்துக்குப் பன்னிரண்டை ஒருதரம் சுற்றிப் பார்த்தார்.
பிறகு பேனாவை மூடினார்.
கட்டிலுக்கும் அடுப்புக்கும் இடையில்
என் பழைய நைலெக்ஸ் சேலையைக் கட்டினேன்.

"சோப்புப் போட்டு இருபது வரை எண்ணிக் கழுவுங்க."
பீலிக்கு நாங்கள் போகக்கூடாது.
விடிய எழுந்தால்
இஸ்தோப்பில் இரண்டு வாளி நிறையத் தண்ணீர்.
யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.
கைப்பிடியில் செபமாலை அக்கா வீட்டுக் கதவின்
பச்சைப் பெயின்ட் இருந்தது.

டினோஜா ஒவ்வொன்றாக எண்ணுவாள்.
கபிலாஷ் எட்டிலிருந்து பதினெட்டுக்குப் பாய்வான்.
எனக்கு இருபது என்றால் கிலோ.
இருபது கொழுந்து நிறுத்தால் முழுப்பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
நாடே மூடிக் கிடந்தபோதும்
மலையை யாரும் மூடவில்லை,
தேயிலைக்குக் காய்ச்சல் இல்லையாம்.
இப்போது எனக்குப் பேரே இல்லை, பதினாலு நாள்.
விரல் வெடிப்பில் சோப்பு எரிகிறது.
சாயம் மட்டும் போகவில்லை.

டப்பாவில் பிரஷர் மாத்திரை ஒன்பது.
கிளினிக்குக்குப் பஸ் இல்லை.
பிளேடால் பாதி பாதியாக வெட்டினேன்.
அரைப்பேர்க்காரிக்கு அரை மாத்திரை.
பதினெட்டு நாளுக்கு வரும்.
கணக்குச் சரி, தலைதான் சுற்றியது.

வெற்றிலை இல்லாமல் அவருக்கு
நாலாம் நாள் பைத்தியம்.
பீங்கானைச் சுவரில் அடித்தார்.
அன்று ராத்திரி பிள்ளைகள் மூச்சுக்கூட விடவில்லை.
விடிந்ததும் துண்டுகளைப் பொறுக்கியபடி
கிளினிக் கொப்பியைக் கண்டெடுத்துப் புரட்டினார்.
"மூணு வருசமா உனக்குப் பிரஷரா?"
தீபாவளிக்கு வருகிறவரிடம்
யார் பிரஷரைச் சொல்வார்கள்?

அன்றைக்கு அவர் ரொட்டி சுட்டார்.
ஊருக்கெல்லாம் சமைத்த கை
எங்களுக்கு முதல்முறை.
உப்பு இல்லை என்று கபிலாஷ் முகம் சுளித்தான்.
"அம்மாவுக்குக் கூடாது" என்றார்,
சேலைக்கு அந்தப் பக்கமிருந்து.

ராத்திரியில் அவர் இருமலை எண்ணினேன்.
இருபது வந்தால் யாரையாவது எழுப்புவது
என்று எனக்குள் ஒரு சட்டம்.
பதினாறில் நிற்கும்.
ஒருநாள் பத்தொன்பதில் நின்றது.
எழுந்து உட்கார்ந்து
விடியும் வரை அடுத்ததற்குக் காத்திருந்தேன்.
காலையில் டினோஜா கேட்டாள்,
"அம்மா, ராவில ஏன் பல்லைக் கடிக்கிறீங்க?
கல்லு அரைக்கிற மாதிரி இருக்கு."

தாளை மழை கிழித்தது.
ஹோட்டல் திறந்தது, வெற்றிலைக் கடையும்.
வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது
செபமாலை அக்கா என் முகத்தைப் பார்க்காமல்
கொத்தமல்லி ஒரு சுருள் தந்தாள்.
கபிலாஷ் இப்போது ஐந்து வரைகூட எண்ணுவதில்லை.

ஒவ்வோர் இரவும் கொழும்பிலிருந்து அழைப்பு வரும்,
"மாத்திரை போட்டியா?"
போட்டேன் என்பேன்.
முழுசா, அரையா என்று அவர் கேட்பதில்லை.
பஸ் ஓடுகிறது, கிளினிக்கும் இருக்கிறது,
பிளேடு இன்னும் டப்பாவுக்குள்ளேதான்.

சேலையை அவிழ்க்கப் போனேன்.
அதற்குப் பின்னால் டினோஜா,
மடியில் கொப்பி.
"கூப்பிடாதீங்கம்மா,
நான் அறைக்குள்ள இருக்கேன்."